குட்டி யானையின் காணிக்கை

புனேயில் பிறந்த சின்னச் சரக்கு வண்டிதான் இன்று பல சபைகளின் சேவைக்குக் கையும் காலும். ஆனால் வண்டிக்காரரின் நல்ல மனசு மட்டும் போதுமா? தவணை, டீசல், காப்பீடு, சட்டம் என்று கேள்விகள் வரிசையாக நிற்கின்றன.

புது வண்டி வாங்கியதும் அதை முதலில் எங்கே கொண்டுபோவது என்பதில் இந்தியர்களுக்குக் குழப்பமே இல்லை. ஒருவர் பிள்ளையார் கோயிலுக்குப் போய் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார். புனேக்காரர் தசரா அன்று சாமந்தி மாலை போடுவார். தமிழ்க் கிறிஸ்தவர் வண்டியை நேரே கோயில் வளாகத்துக்கு ஓட்டிவந்து, ஐயரையோ சாமியாரையோ அழைத்து, சாவியை அவர் கையில் கொடுத்து ஜெபிக்கச் சொல்வார். ஜெபம் முடிந்ததும் பலர் ஒரு பொருத்தனையும் செய்கிறார்கள்: 'முதல் சவாரி ஆண்டவருக்கு.' அந்தச் சவாரிக்கு வாடகை கிடையாது.

பிரச்சினை முதல் சவாரியில் இல்லை. அது இரண்டாவது, இருபதாவது சவாரியில் ஆரம்பிக்கிறது. சபையில் ஒருவர் பிக்கப் வண்டி வாங்கிவிட்டார் என்ற செய்தி பரவ ஒரு ஞாயிறு போதும். அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தாரும் பூசணிக்காயும் வர வேண்டும். ஒலிபெருக்கியும் இருநூறு நாற்காலியும் ஏற்ற வேண்டும். வேளாங்கண்ணி மாதா திருநாளுக்குச் சப்பரம் கட்ட வேண்டும். அநாதை இல்லத்துக்கு அரிசி போக வேண்டும். விதவைத் தாயார் ஒருவர் வீடு மாற்றுகிறார். கிறிஸ்துமஸ் கேரல் பவனிக்கு இளைஞர்கள் தயார். கேட்பவர் ஐயர், எப்படி மறுப்பது?

புனேயில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. இந்தியாவின் சின்னச் சரக்கு வண்டிக்கு இந்த நகரம்தான் பிறந்த வீடு.

டெம்போவின் ஊர்

தமிழ்நாட்டில் சின்னச் சரக்கு வண்டி எதுவானாலும் ஒரு காலத்தில் 'டெம்போ'தான். அது உண்மையில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து நிறுவனம் ஒன்றின் பெயர். அதன் ஹன்சியாட் என்ற மூன்று சக்கர வண்டியை 1958-ல் இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கியவர் என்.கே. பிரோதியா. பஜாஜ் டெம்போ என்ற அந்த நிறுவனம் புனேயை அடுத்த ஆகுர்டியில் வேரூன்றியது. 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய பிறகும் மக்கள் வாயில் டெம்போ டெம்போவாகவே இருக்கிறது.

அதே 2005-ல் டாடா மோட்டார்ஸின் புனே தொழிற்சாலையிலிருந்து வந்தது ஏஸ். கிரீஷ் வாக் தலைமையிலான குழு, வடிவமைப்பைத் தொடங்கும் முன் மூன்று சக்கர வண்டிக்காரர்களைத் தேடிப்போய்ப் பேசியது. நான்கு சக்கர வண்டி இருந்தால் ஊரில் மதிப்பு, நல்ல இடத்தில் பெண்ணும் கிடைக்கும் என்று அவர்களில் ஒருவர் சொன்னதாக வாகனத் தொழில் வட்டாரத்தில் இன்றும் ஒரு கதை உலவுகிறது. இரண்டு சிலிண்டர், 16 குதிரைச் சக்தி, முக்கால் டன் பாரம், இரண்டே கால் லட்ச ரூபாயை ஒட்டிய விலை. வடக்கே அதற்கு 'சோட்டா ஹாத்தி' என்று பெயர் வைத்தார்கள். தமிழர்கள் 'குட்டி யானை' என்றார்கள். 2017-க்குள் விற்பனை 20 லட்சத்தைத் தாண்டியது. கொஞ்சம் கூடுதல் வசதி உள்ளவர்கள், ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும் பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளுக்குப் போனார்கள்.

இந்த வண்டிகள் லாரித் தொழிலின் சமூக முகத்தையே மாற்றின. லாரி வாங்க முதலாளியாக இருக்க வேண்டும். குட்டி யானை வாங்க, ஓட்டுநராக இருந்தால் போதும். மீதியை நிதி நிறுவனம் பார்த்துக்கொண்டது. கட்கி, தேஹு ரோடு, கேம்ப் போன்ற பகுதிகளில் ராணுவத்தையும் வெடிமருந்துத் தொழிற்சாலையையும் ரயில்வேயையும் நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும், மூன்றாம் தலைமுறையில் சொந்த வண்டிக்காரர்கள் உருவானார்கள். தாத்தா சம்பளக்காரர், பேரன் தவணைக்காரர்.

பழைய உறவு

புனே சபைகளுக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள தொடர்பு குடியேற்றத்தைவிடப் பழையது. கேம்ப் பகுதியின் தூய மரியாள் ஆலயத்தை 1825-ல் பிரதிஷ்டை செய்தவர் கல்கத்தா பேராயர் ரெஜினால்ட் ஹீபர். மறு ஆண்டு ஏப்ரலில் அவர் திருச்சிராப்பள்ளியில் குளிக்கும்போது இறந்தார், கல்லறையும் அங்கேதான். கத்தோலிக்கர்களின் பாப்பிறைக் குருமடம் இலங்கையின் கண்டியில் 1893-ல் தொடங்கப்பட்டு, 1955-ல் புனேக்கு இடம் மாறியது. இங்குள்ள ஏசு சபைக் கல்லூரி ஒன்றின் பெயரே தெ நொபிலி. மதுரையில் தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர்தான் அவர். தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்தவர் ரயிலேறி இங்கே வந்தால் 1970-ல் உருவான சி.என்.ஐ. எல்லைக்குள் வந்துவிடுகிறார். பாட்டுப் புத்தகம் மட்டும் மாறுவதில்லை.

சேவைக்கு வண்டி என்ற விஷயத்திலும் புனேக்கு ஒரு முன்னோடி உண்டு: பண்டித ரமாபாய். 1870களின் பஞ்சத்தில் தந்தை, தாய், அக்கா மூவரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். 1889-ல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காக சாரதா சதனைத் தொடங்கி, மறு ஆண்டு அதைப் புனேக்குக் கொண்டுவந்தார். 1896-97-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது அங்கே போய் நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம் விதவைகளையும் மீட்டு வந்தார். புனேயிலோ அப்போது பிளேக். அத்தனை பேரை நகரத்துக்குள் வைத்துக்கொள்ள முடியாத நிலை. சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, கேட்காவில் வாங்கிப் போட்டிருந்த நிலம் கைகொடுத்தது. அப்படி உருவான முக்தி மிஷன் இன்றும் இயங்குகிறது.

மாட்டுவண்டியும் ரயிலும்தான் அன்றைய வாகனங்கள். ரமாபாய் செய்ததில் ஒரு பாடம் இருக்கிறது. அவர் ஆட்களை ஏற்றி வந்ததோடு நிற்கவில்லை. இறக்குவதற்கு இடம், சமைப்பதற்குப் பாத்திரம், கற்பிக்க ஆசிரியை என்று எல்லாவற்றையும் யோசித்தார். வண்டி அவருக்குச் சேவையின் ஒரு பகுதி மட்டுமே.

வாகனமே ஒரு சேவைத் திட்டமாக மாறிய கதை ஜெர்மனியில் நடந்தது. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ஒரு குருவானவர் 1925-ல் காய்ச்சலில் இறந்தார். விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வாகனம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்று நம்பிய அவருடைய நண்பர் பால் ஷுல்ட்டே, 1927-ல் மீவா என்ற அமைப்பைத் தொடங்கினார். தொலைதூரப் பணித்தளங்களுக்குக் கார், படகு, விமானம் வாங்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஷுல்ட்டே தாமே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு 'பறக்கும் பாதிரியார்' ஆனார்.

கோயில் மூடியபோது

புனேயின் பிக்கப் வண்டிகளுக்குப் பெரிய பரீட்சை 2020-ல் வந்தது. மார்ச் 25 முதல் நாடே அடைக்கப்பட்டது. தொற்று மிகக் கடுமையாகப் பரவிய நகரங்களில் புனேயும் ஒன்று. மகாராஷ்டிரத்தில் வழிபாட்டுத் தலங்கள் நவம்பர் 16-ஆம் தேதிதான் மறுபடி திறந்தன. ஏறக்குறைய எட்டு மாதம் கோயிலுக்குப் பூட்டு. ஆனால் அத்தியாவசியப் பொருள் ஏற்றும் வண்டிக்குப் பூட்டு இல்லை. கட்டிட வேலைக்கு வந்து கையில் காசில்லாமல் மாட்டிக்கொண்ட தொழிலாளர்களுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் போக வேண்டியிருந்தது. குருத்வாராக்கள், மசூதிகள், கோயில் மன்றங்கள், சபைகள் என்று எல்லாரும் சமைத்தார்கள், பொட்டலம் கட்டினார்கள். கொண்டுபோய்ச் சேர்த்தவை பெரும்பாலும் சின்ன வண்டிகளே. பெரிய லாரி நுழையாத சந்துகளில்தான் பசியும் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2019 ஆகஸ்டில், சாங்லியும் கோலாப்பூரும் வெள்ளத்தில் மூழ்கின. புனே-பெங்களூரு நெடுஞ்சாலை பல நாட்கள் அடைபட்டுக் கிடந்தது. வெள்ளம் வடிந்ததும் புனேயிலிருந்து நிவாரண வண்டிகள் தெற்கே கிளம்பின. 1961 ஜூலை 12-ல் பான்ஷேத் அணை உடைந்து தானே மூழ்கிய நகரம் இது. 1993 செப்டம்பர் 30-ல் லாத்தூர்-கில்லாரி பூகம்பம், 2014 ஜூலை 30-ல் இதே மாவட்டத்தின் மாளின் கிராமத்தை மண் மூடிய சோகம் என்று உதவிக்கு வண்டி கட்டிய அனுபவம் இந்த நகரத்துக்கு நிறையவே உண்டு.

அனுபவம் கற்றுக்கொடுத்த முதல் பாடம் கசப்பானது: ஏற்றுவதற்குக் கிடைப்பதெல்லாம் உதவி ஆகாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி மலைபோல் சாலையோரம் குவிந்து கிடந்ததை நாடே பார்த்தது. அதை ஏற்றிவந்த வண்டிகளுக்கும் டீசல் செலவாகியிருக்கும். முக்கால் டன் வண்டியில் 25 கிலோ அரிசி மூட்டை முப்பது கொள்ளும். முப்பது குடும்பங்களுக்கு ஒரு மாதத்தின் பெரும்பகுதிக்குச் சாப்பாடு. அதே இடத்தைக் கிழிந்த புடவைகளாலும் நிரப்பலாம். போகிற இடத்தில் இருப்பவரைத் தொலைபேசியில் கேட்காமல் வண்டி கட்டுவது, அலமாரியைக் காலி செய்வதற்கு வைத்த புனிதப் பெயர்.

சவாரியின் விலை

இனி வண்டிக்காரரின் பக்கம். நிதி நிறுவனத்தில் 7 லட்ச ரூபாய் கடன், வட்டி 10 சதவிகிதம், ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 14,900 ரூபாயை நெருங்கும். மாதத்தில் 26 நாள் வண்டி ஓடுகிறது என்றால், சாவியைத் திருகுவதற்கு முன்பே ஒரு நாளைக்கு 570 ரூபாய் போய்விடுகிறது. கேட்காவ் வரை போய்வர 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 13 கிலோமீட்டர், டீசல் 90 ரூபாய் என்றால் 830 ரூபாய். சுங்கம், டயர் தேய்மானம், கூட வரும் பையனுக்குச் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 'இலவசச்' சவாரியின் விலை 1,500 ரூபாயைத் தாண்டும். அன்றைக்கு வந்திருக்கக்கூடிய வாடகை இந்தக் கணக்கிலேயே இல்லை.

மாதம் ஒரு முறை என்றால் இது காணிக்கை. மாதம் நான்கு முறை என்றால் 6,000 ரூபாய். தவணையில் ஐந்தில் இரண்டு பங்கு. சபைக்கு வெளியே யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. சபைக்குள் போடுவது கௌரவக் குறைவாகத் தெரிகிறது. அதனால் வண்டிக்காரர் வாயைத் திறப்பதில்லை. கொஞ்ச நாளில் அவர் வேறு வழி கண்டுபிடிக்கிறார்: ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார். உதவிய மனிதனைச் சபை இழப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அடிபட்டுக் கிடந்தவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனவன் அவன். கதையில் பலர் கவனிக்கத் தவறும் பகுதி அடுத்தது. சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். அதாவது, உதவிக்கு ஒரு செலவுக் கணக்கு உண்டு, அதை யாராவது ஒருவர் கொடுத்தாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. சத்திரக்காரன் தலையில் அதைக் கட்டிவிட்டுப் போகவில்லை.

சரக்கில் மனிதர் இல்லை

பணக் கணக்கு தப்பினால் நஷ்டம் சில ஆயிரம். இன்னொரு கணக்கு தப்பினால் உயிர்.

2025 ஆகஸ்ட் 11, சிராவண மாதத்துத் திங்கட்கிழமை. புனே மாவட்டத்தின் கேட் தாலுகாவில் குண்டேஸ்வர் கோயிலுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஒரு பிக்கப் வண்டி மலைப்பாதையில் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் உருண்டது. இறந்த பெண்கள் பத்துக்குக் குறையாது. காயமடைந்தவர்கள் இருபதுக்கும் மேல். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே கிராமத்தைச் சேர்ந்தவர்கள். போனது சாமி கும்பிடத்தான்.

அது கோயிலுக்குப் போன வண்டி. சர்ச்சுக்குப் போகும் வண்டிக்கும் இயற்பியல் அதேதான். முக்கால் டன் வண்டியில் முப்பது பேர் நின்றால், ஆளுக்கு 55 கிலோ என்றாலும் 1,650 கிலோ. அனுமதிக்கப்பட்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அரிசி மூட்டை தளத்தோடு தளமாகக் கிடக்கும். மனிதர்கள் நிற்பார்கள். பாரத்தின் மையம் உயர்ந்துவிடும். வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். மேட்டில் எல்லாரும் பின்பக்கம் நெருக்குவார்கள். பட்டை ஸ்பிரிங் போட்ட வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை, பெல்ட்டும் இல்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 'சரக்கு' என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில் கால்நடைகள் உண்டு; உயிருள்ள மனிதர்கள் இல்லை. ஆடு போகலாம், ஐயர் போகக் கூடாது. ஓட்டுநர் அறையில் பதிவுச் சான்றிதழ் அனுமதிக்கும் எண்ணிக்கை மட்டும் உட்காரலாம். 1994-ல் வந்த திருத்தம், சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ கூடப் பயணம் செய்தால் அவருக்குக் காப்பீட்டுப் பாதுகாப்பு தந்தது. பின்பக்கம் ஏறிய பாடகர் குழுவுக்கு அது பொருந்தாது.

விபத்து நடந்தால் என்ன ஆகும்? சரக்கு வண்டியில் இலவசமாக ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புகளில் இடம்பெற்ற இந்தத் தீர்ப்பு அதற்கு முன்பிருந்த நிலையைப் புரட்டிப்போட்டது. 2004-ல் பல்ஜீத் கௌர் வழக்கிலும் நிலை அதுதான். அந்தக் குடும்பத்துக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்றது நீதிமன்றம். இதன் பொருள் எளியது. கருணை காட்டி ஏற்றிக்கொண்டவர்தான் கடைசியில் லட்சக்கணக்கில் நஷ்ட ஈடு கட்ட வேண்டியவர். வண்டியே இன்னும் நிதி நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கும்போது அவர் எதை விற்பார்?

காசு வாங்கவில்லையே, சபைக்காரர்கள்தானே என்பது வாதம் ஆகாது. காசு வாங்காததுதான் 'இலவசப் பயணி' என்ற சொல்லுக்கே அர்த்தம். கேரல் பவனி, கன்வென்ஷன் கூட்டம், அடக்க ஆராதனை, கல்யாணம் என்று தமிழ்நாட்டில் லோடு வண்டியில் கூட்டம் ஏறும் வழக்கம் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. புனேக்கு அது தமிழர்கள் கொண்டுவந்ததும் அல்ல, இங்கேயும் முன்பிருந்தே உண்டு. இரண்டு ஊரிலும் விட வேண்டிய பழக்கம்.

எங்கே தளர்வு, எங்கே கெடுபிடி

சின்ன வண்டிக்காரருக்குச் சட்டம் எதிரி என்று நினைக்க வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குத் தனியாகப் பர்மிட் தேவையில்லை. கார் ஓட்டும் இலகு ரக உரிமம் இருந்தாலே 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2017-ல் வந்த தீர்ப்பை, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ல் உறுதி செய்தது. ஆக, சபையில் கார் ஓட்டத் தெரிந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் சனிக்கிழமை வண்டியை எடுத்துப்போக உரிமம் தடையில்லை. ஓட்டுநருக்கும் ஒரு நாள் ஓய்வு.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்கு உதவுவதற்கும் பயப்பட வேண்டியதில்லை. 2019-ல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கோ தொல்லையோ வராமல் காக்கிறது. ஆங்கிலச் சட்ட நூலில் அந்த உதவியாளருக்கு வைத்திருக்கும் பெயரே பழைய சமாரியனின் பெயர்தான்.

கெடுபிடி, பாரத்தில் இருக்கிறது. அதே 2019 திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. சப்பரமோ பந்தல் கம்போ வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே 20,000. ஒரு அபராதம், ஒரு மாதத் தவணையையும் தாண்டி விழுங்கும்.

வாரியிடம் கற்கலாம்

ஒழுங்காகச் செய்வது எப்படி என்று பார்க்கப் புனேக்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசியை ஒட்டி ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும், தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் பண்டரிபுரம் கிளம்புகின்றன. லட்சக்கணக்கான வாரக்கரிகள் புனேயைக் கடந்து போகிறார்கள். மனிதர்கள் நடக்கிறார்கள். கூடாரம், பாத்திரம், மளிகை, தண்ணீர், மூட்டை முடிச்சு ஆகியவை ஒவ்வொரு திண்டிக்கும் உரிய வண்டியில் முன்கூட்டியே போய் அடுத்த தங்கலில் காத்திருக்கும். இறங்கிப் பார்த்தால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். வண்டி எதற்கு, கால் எதற்கு என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. செலவைத் திண்டியே பங்கிட்டுக்கொள்கிறது. ஒரு தனி வண்டிக்காரரின் பக்திமேல் மொத்தப் பாரத்தையும் ஏற்றுவதில்லை.

சபைகளுக்கும் இது பொருந்தும். வண்டியும் உழைப்பும் உறுப்பினரின் காணிக்கையாக இருக்கட்டும். டீசலும் சுங்கமும் சபைக் கணக்கிலிருந்து வரட்டும். மாதத்தில் இன்ன சனிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டால், மற்ற நாட்களில் வண்டிக்காரர் தயங்காமல் வாடகைக்கு ஒப்புக்கொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எங்கே போனது, என்ன ஏற்றியது, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வைத்தால், ஆண்டுக் கூட்டத்தில் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். உண்டியலில் போட்ட நூறு ரூபாய்க்கு ரசீது தருகிற சபை, 1,500 ரூபாய்ச் சவாரிக்கு ஒரு வரி எழுதுவது பெரிய காரியமல்ல. ஆட்கள் போக வேண்டுமென்றால் மாநகரப் பேருந்தையோ வேனையோ வாடகைக்கு எடுப்பதுதான் முறை. நாற்பது பேர் பங்கிட்டால் தலைக்கு ஆகும் தொகை ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கிவிடும்.

திரும்பி வரும் வண்டியைக் காலியாக விடாமல் இருப்பதும் ஒரு கலை. குல்டேக்டி மார்க்கெட் யார்டில் காலை ஏலம் முடிந்ததும் விற்காமல் தேங்கும் காய்கறி, மாலைக்குள் வாடிவிடும். அந்த நேரத்துக்கு வண்டி அங்கே நின்றால், மலிவாகவோ இலவசமாகவோ கிடைப்பதை ஒரு விடுதிச் சமையலறைக்குக் கொண்டுசேர்க்கலாம். சசூன் மருத்துவமனை வாசலில் நோயாளிகளின் உறவினர்கள் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களுக்குப் போர்வையும் சாப்பாடும் ஏற்றிப்போக முக்கால் டன் தாராளம். பெரிய பேரிடருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அது வருவதற்குள் இந்தச் சின்ன ஓட்டங்களில் சபைக்கும் வண்டிக்காரருக்கும் நல்ல பழக்கம் ஏற்பட்டுவிடும்.

புது வண்டிக்குச் செய்யும் ஜெபத்தில் விபத்து வரக் கூடாது, தொழில் பெருக வேண்டும் என்ற இரண்டு வேண்டுதலும் தவறாமல் இடம்பெறுகின்றன. இரண்டையும் நிறைவேற்றிக் கொடுப்பதில் சபைக்கும் பங்கு இருக்கிறது. பின்பக்கத்தில் ஆள் ஏற்றாமலும், டீசல் காசைக் கேட்கும்முன் கொடுத்தும் அதைச் செய்யலாம். குட்டி யானைக்கு முக்கால் டன் தாங்கும் முதுகு. அதை ஓட்டுகிறவரின் முதுகு எவ்வளவு தாங்கும் என்று பதிவுச் சான்றிதழில் எழுதியிருக்காது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.